கப்பலேறிய கோரைப்பாய்

சுற்றுலாக் கப்பலுக்குக் கோரைப்பாய் எடுத்துக்கொண்டு போன குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று என் மகள் சொல்கிறாள். இருக்கட்டுமே! போகிற இடத்தில் படுக்க என்ன கிடைக்கும் என்று யார் கண்டது? திருப்பதிக்குப் போனாலும் சரி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருந்தாலும் சரி, பாய் இல்லாமல் நான் வாசல்படி தாண்டியதில்லை. கப்பலில் கட்டில் இருக்கும், மெத்தை இருக்கும் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். மெத்தையில் படுத்தால் அவள் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், அது மட்டும் அவளுக்குத் தெரியாது. "உன்னோட ஒரே பேஜாரும்மா" என்று அவள் தலையில் அடித்துக்கொள்ள, நான் பாயைக் கட்டினேன். அந்தப் பாயால் நடந்ததைத்தான் எழுதுகிறேன். நடந்து முடிந்து மாசக்கணக்காகிறது, யார் செய்த தப்பு என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். எழுதினாலாவது தெளிகிறதா பார்க்கிறேன்.

மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஆயுத பூஜை அன்றைக்கு அங்கே குலுக்கல் நடத்தினார்கள். கூட இருந்த பெண்களுக்கு மிக்ஸியும் ஹாட் பாக்ஸும் விழ, இவளுக்கு மூன்று பேர் கடலில் போய்வரக் கப்பல் டிக்கெட் விழுந்தது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலில் ஒரு சுற்றுச் சுற்றி, மூன்றாம் நாள் காலையில் அங்கேயே இறங்க வேண்டும். எங்கேயும் நிற்காது. எங்கேயும் போகாத கப்பலில் எதற்கு ஏற வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கிரைண்டராக மாற்றித் தருவார்களா என்று கேட்டேன். மாட்டார்களாம்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு ஒரு ஏரி. கரைக்குக் கீழே எங்கள் காலனி. காலனியில் ஒருத்தருக்கும் கையகல நிலம் கிடையாது, ஆனால் ஏரி மதகைத் திறந்து மூடுகிற வேலை பரம்பரையாக எங்கள் ஆட்களுடையது. இருபத்திரண்டு வருஷமாக அது என் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. மதகில் ஓர் இரும்புக் கதவு, அதை ஷட்டர் என்போம். அதைத் தூக்குவதற்கு முழங்கை நீளத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்று உண்டு. மேலே மாட்டிச் சுற்றினால் கதவு ஏறும், கழற்றிவிட்டால் யாரும் அசைக்க முடியாது. ஊரில் அதற்குப் பெயர் சாவி.

இந்தச் சாவி லேசுப்பட்டதில்லை. ஏரிக்கு மேல்பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள், தண்ணீர் ஏறினால் பயிர் முழுகுகிறது, திறந்து விடு என்பார்கள். கீழ்ப்பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள், ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது என்பார்கள். ரெண்டு பேரும் சாவிக்கு அலைவார்கள். அதனால் மழைக்காலம் வந்தால் அவர் அதைச் சாக்கில் சுற்றி எங்கேயாவது ஒளித்துவைத்துவிடுவார். எங்கே என்று கட்டின பெண்டாட்டிக்கும் சொல்ல மாட்டார். "உனக்குத் தெரிஞ்சா உன்ன வந்து கேப்பாங்கமே" என்பார். கல்யாணமான புதிதில் இதற்காகச் சண்டை போட்டு ரெண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்திருக்கிறேன். மனுஷன் அசையவில்லை. ஆனாலும் ரெண்டு கட்சியும் இவர் பேச்சைக் கேட்கிறது என்றால் அந்த ஒன்றுக்காகத்தான். வேறென்ன சொத்து இருக்கிறது அவருக்கு? சொன்ன சொல் ஒன்றுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் டீக்கடையில் என் வீட்டுக்காரரை அவருடைய அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பிடித்துக்கொண்டார். மாமனார் போன பிறகு இவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். காலனியில் கரையடியில் முதல் வீடு அவருடையது. ஏரிக்கு ஒன்று என்றால் தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான்.

"சாவிய எங்கையில குட்துட்டுப் போடா" என்றார்.

"மூணே நாளுதாண்ணா. ஏரி பாதி கூட ரொம்பல. மழ கிழ வந்தா போன் பண்ணு, எங்க கீதுன்னு சொல்லிட்றேன். பூட்ட ஒடச்சி எடுத்துக்கோ."

"நெஜமா சொல்லுவியா?"

"என்னைக்குண்ணா உங்கிட்ட பொய் சொல்லிக்கீறேன்?"

ரெண்டு கட்சி ஆட்களும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் காதிலும் விழுந்தது. நானும் பால் வாங்க நின்றிருந்தேன், என் காதிலும் விழுந்தது.

இனி பாய்க்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு நல்ல பாய் இருந்தது. சிவப்புக் கரை போட்ட கோரைப்பாய், மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களை உட்காரவைக்க என்று காஞ்சிபுரம் போய் நானே பொறுக்கி வாங்கியது. வாங்கி ரெண்டு வருஷமாயிற்று. "இப்போ வேணாம்மா" என்று அவள் ஒவ்வொரு முறையும் தட்டிக்கழிக்க, பாயும் பரணிலேயே கிடந்தது. எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், மாப்பிள்ளை வீட்டார் வந்தால் ஒழிய அது கீழே இறங்காது. நானோ கிளம்புகிற அவசரத்தில் யோசித்தேன்: கப்பலில் பணக்காரர்கள் நாலு பேர் இருப்பார்கள், கிழிந்த பாயையா விரிப்பது? அவர் ஏரிக்கரைக்குப் போயிருந்த நேரத்தில் நல்ல பாயை இறக்கினேன். அதைச் சுருட்டியபடியே பழைய பாய்க்குள் வைத்து, போர்வை சுற்றி, கயிறு போட்டுக் கட்டினேன். கனமாகத்தான் இருந்தது. போர்வையின் கனம் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

துறைமுகத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அவர் முன்னாலேயே உள்ளே போய், அண்ணாந்து கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மகள் காகிதங்களோடு வேறு ஜன்னலில் நின்றாள். பாய்க்கட்டு மிஷினுக்குள் போனதும் மிஷின் நின்றது. காக்கி போட்ட ஒரு பெண் இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டே, அத்தனை ஜனங்களுக்கு நடுவில் என் கட்டை அவிழ்த்துப் பாயை உதறினாள். சாக்குச் சுருள் ஒன்று 'ணங்' என்று விழுந்தது. உள்ளே துருப்பிடித்துச் சிவந்து ஏரிச் சாவி!

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அடப்பாவி மனுஷா, ஏரியையே கூட்டிக்கொண்டு கப்பலேற வந்திருக்கிறாயா? எவன் கையிலும் கிடைக்கக்கூடாது என்று, நான் கட்டிவைத்த பிறகு பாய்க்குள் சொருகி எடுத்துவந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்படியானால் அண்ணனிடம் சொன்னது? வளர்த்த அண்ணன் முகத்தைப் பார்த்து, நாலு பேர் நடுவில், வாய் கூசாமல் பொய்யா? இருபத்திரண்டு வருஷத்தில் இவரைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே இல்லை. அந்தப் பெண் சாவியை எடுத்துவைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது வாங்கிக்கொள் என்று சைகை காட்டி, நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுத்தாள். பர்ஸில் போட்டுக்கொண்டேன். இங்கே கேட்டால் சண்டை வரும், மகளின் சந்தோஷம் கெடும். ஊருக்குத் திரும்பட்டும், கவனித்துக்கொள்கிறேன் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிசயம். அந்த ஒரு தடவை இப்படி அமைந்தது.

கப்பல் என்றால் கப்பல் இல்லை, அது ஒரு ஊர். பத்து மாடி, லிஃப்ட், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கம்பளம், ஒரே கதவு. கிளம்பும் முன்னால் எல்லாரையும் கூடத்தில் நிற்கவைத்து ஆரஞ்சுச் சட்டையை எப்படி மாட்டுவது, கப்பல் முழுகினால் எந்தப் படகில் ஏறுவது என்று காட்டினார்கள். இன்னும் கயிறே அவிழ்க்கவில்லை, அதற்குள் முழுகுகிற பேச்சு! எங்களுக்குக் கிடைத்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் இருட்டு, போட்டால் வெளிச்சம். வெளியே பகலா ராத்திரியா, வெயிலா மழையா, ஒன்றும் தெரியாது. நாஷ்டாவுக்குப் போகிறோம் என்று கிளம்பி ரெண்டு தடவை நீச்சல் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

என் வீட்டுக்காரருக்கு அந்த அறை ஒத்துவரவே இல்லை. படுக்கும்போதும் எழும்போதும் வானத்தைப் பார்க்கிற ஆள். "மேகம் எந்தப் பக்கம் கட்டுது, இன்னா ஏதுன்னே தெரியலியே" என்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அறைக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தரையில் பழைய பாயை மட்டும் உருவி விரித்தேன், நல்ல பாயைப் போர்வைக்குள் சுருட்டியே வைத்தேன்.

"இன்னாமே, ஏறினதுலருந்து மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?"

"ஒன்னுமில்ல."

"இட்டுக்கினு வந்த புள்ளைக்காவது சிரிச்ச மூஞ்சியா இரு."

யார் யாருக்குப் புத்தி சொல்வது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பர்ஸில் வில்லை கிடக்கிறது. கேட்கவா வேண்டாமா, கேட்கவா வேண்டாமா என்று நினைத்து நினைத்து, அவர்கள் வைத்த அத்தனை பலகாரத்திலும் எனக்கு ருசி தெரியவில்லை.

ரெண்டாம் நாள் மத்தியானம் கப்பல் ஆட ஆரம்பித்தது. முதலில் டம்ளரில் தண்ணீர் சாய்ந்தது, அப்புறம் நாங்களே சாய்ந்தோம். மகள் வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டுபோனாள். ஒலிபெருக்கியில் இங்கிலீஷிலும் இந்தியிலும் பேசினார்கள். வங்கக்கடலில் காற்றழுத்தம், பயப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் ஆட்டம் பாட்டத்தை அனுபவிக்கலாம் என்று மகள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். மேல் மாடியில் பெரிய கண்ணாடி போட்ட கூடம் ஒன்று இருந்தது. வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் குறையும் என்று சிப்பந்தி ஒருத்தர் சொல்ல, அங்கே போனோம். அடிபட்ட தகரம் மாதிரி கடல். மழை கண்ணாடியில் குறுக்கே ஓடியது. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"இது நம்ம பக்கம் போற மழமே" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் இறங்க வேண்டியவர்கள் நாங்கள். துறைமுகத்துக்குள் நுழைய முடியாது, காற்று அடங்கும்வரை வெளியிலேயே நிற்போம் என்று அறிவித்தார்கள். எப்போது அடங்கும் என்று யாரும் சொல்லவில்லை. கூடத்து மூலையில் மகளைப் படுக்கவைக்க இடம் தேவைப்பட்டது. நான் கட்டைப் பிரித்து நல்ல பாயை விரித்தேன், அவள் வாந்தி எடுத்தால் பாய் கெட்டுவிடுமே என்று மேலே போர்வையை முழுக்கப் போர்த்தினேன். கோட்டு போட்டவர்களும் குட்டைப் பாவாடை போட்டவர்களும் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஒரு அம்மாள் போட்டோகூட எடுத்தாள். என் வீட்டுக்காரர், மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போர்வைமேல் உட்கார்ந்தார். கரை கிட்டே இருந்ததாலோ என்னவோ, ரெண்டு நாளாகச் செத்துக் கிடந்த அவருடைய போன் அடித்தது.

அண்ணன்தான். அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

"டேய்! ஏரி ரொம்பிக்கினே கீதுடா! கர நம்ம காலனி பக்கம் ஊறி, மண்ணு சரியுது. எங்கடா வெச்சிக்கீற சாவிய?"

இப்போது என்ன பொய் சொல்லப் போகிறார்? அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் ஒருத்தருக்கும் சொல்லாததைச் சொல்ல வாய் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு போனைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்.

"பூட்ட ஒடைண்ணா. பரண் மேல நல்ல பாய் கீது பாரு, செவப்புக் கரை போட்டது. அதுக்குள்ள வெச்சி சுருட்டிக்கீறேன்."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பரணில் எந்தப் பாய்? பரணில் பாய் ஏது? அப்புறம் புரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. எதையும் எடுத்துக்கொண்டும் வரவில்லை. எந்தக் காலத்திலும் கீழே இறங்காத பாய் என்று நம்பி அதற்குள் வைத்திருக்கிறார், நான் பாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பாய்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அது பரணில் இருக்கிறது என்று சத்தியம் பண்ணுகிறார்.

"இல்ல மாமா! அங்க இல்ல!" என்று கத்திக்கொண்டே போனைப் பிடுங்கினேன். காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. லைன் கட்டாகியிருந்தது.

"இன்னாமே? இன்னா இல்ல?"

நான் போர்வையின் மூலையைத் தூக்கிக் காட்டினேன். சிவப்புக் கரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பாயைப் பார்த்து உள்ளங்கையால் தடவினார். பர்ஸிலிருந்து வில்லையை எடுத்து அவர் கையில் வைத்து, மிஷினில் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார்.

"நீதான் எத்துக்கினு வந்தன்னு நெனச்சேன். அவருகிட்ட பொய் சொல்லிட்டன்னு நெனச்சேன்."

"நானா?" என்றார். அவ்வளவுதான். ரெண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அந்த நாள் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. கப்பலைக் கரையிலிருந்து இன்னும் தூரமாகக் கொண்டுபோனார்கள், போன் எடுக்கவில்லை. அவர் வரவேற்பு மேஜைக்குப் போய், கப்பலில் தொங்குகிற படகில் ஒன்றை இறக்கித் தரச் சொன்னார். அங்கே இருந்த தம்பி தமிழ்ப் பையன்தான், "சார், இந்த அலையில படகு இறக்க முடியாது சார், உள்ள போய் உட்காருங்க" என்று பத்து தடவை தன்மையாகச் சொன்னான். கப்பல் வழியாகப் போன் பேச வசதி உண்டாம், காற்றில் அதுவும் வேலை செய்யவில்லை. இவர் திரும்பி வந்து வழி தெரியாமல் வேறு மாடிக்குப் போய்விட, நான் தேடிப் போய் நானும் தொலைந்தேன். பாட்டுச் சத்தம் கேட்ட ஒரு கூடத்தில், ஆடுகிறவர்களுக்கு நடுவில், வில்லையைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"இந்நேரம் பரண்ல ஏறியிருப்பாரு" என்றார். "ஒன்னும் இல்லன்னு எறங்கியிருப்பாரு."

கரை உடைந்தால் முதல் வீடு அண்ணன் வீடு. உடையாவிட்டாலும் அண்ணன் மனதில் இவர் பொய்யன். ரெண்டில் எதை நினைத்து அழுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் கப்பல் துறைமுகத்துக்குள் போனது. வில்லையைக் கொடுத்ததும் சாக்குச் சுருளைக் கொடுத்தார்கள். பஸ் மாறி மாறி, ரோட்டில் தண்ணீர் ஓடிய இடத்தில் இறங்கி நடந்து, ஊருக்கு வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். வழியெல்லாம் அண்ணனுக்குப் போன் போட்டோம், மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. மணி அடிக்கிறதே, உயிரோடு இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பூட்டு உடைந்து தொங்கியது. பரணில் இருந்த அண்டா, பழைய டிரங்குப் பெட்டி, விறகு எல்லாம் வாசல்வரை இறைந்து கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரிதான் நடந்ததைச் சொன்னாள். பரணைக் குடைந்து, வீட்டைக் குடைந்து, பாயும் இல்லை சாவியும் இல்லை என்றதும், போர்வெல் போடுகிறவரிடமிருந்து பெரிய பைப் ரெஞ்சைக் கொண்டுவந்து, நாலு ஆள் தொங்கி முந்தின நாள் சாயங்காலம் ஷட்டரைத் தூக்கியிருக்கிறார்கள். கரை உடையாமல் நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் கரையடியில் கசிந்த தண்ணீர் முதல் தெருவுக்குள் வந்து, அண்ணன் வீட்டுச் சமையல்கட்டுச் சுவர் விழுந்துவிட்டது. அக்கா, அதாவது அவர் பெண்டாட்டி, அப்போதுதான் சாமானை எடுத்துக்கொண்டு நான் வேலை செய்கிற பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்துக்குப் போயிருந்திருக்கிறாள். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகியிருந்தால்?

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன். ரெண்டு கட்சி ஆட்களும், காலனி ஜனங்களும், விழுந்த சுவரைச் சுற்றி நின்றிருந்தார்கள். அண்ணன் செங்கல்லைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"அண்ணா" என்றார் இவர்.

"கப்பல்ல குந்திக்கினு எனக்குக் கத சொல்றியாடா? பாயாம், செவப்புக் கரையாம்! சாவிய மடியில வெச்சிக்கினு போயிட்டு, பரண் மேல கீதுன்னு சொல்றான் பாரு! நான் லூசு மாரி பரண்ல ஏறி எலிப்புழுக்கைய பொறுக்கிக்கினு கீறேன், இங்க என் செவுரு வுயுந்து கெடக்குது. நீ பொய் சொல்லுவன்னு ஊரே சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்டா."

இவர் இப்போது சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி தெரியாமல் எடுத்துவந்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. "தப்புதாண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து ஒரு செங்கல்லை எடுத்தார். "வெய்யிடா கீள" என்றார் அண்ணன். இவர் வைத்துவிட்டார்.

எனக்கு ஊர் சிரிப்பது என்றால் ஆகாது. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் மூன்று நாளைக்குத் தூக்கம் வராது, அப்படி ஒரு ரோஷம். கப்பலுக்குப் பாய் எடுத்துப்போன கதையை ஊரில் மூச்சு விடக்கூடாது என்று வரும் வழியில் மகளிடம் சத்தியமே வாங்கியிருந்தேன். ஆனால் அவர் அந்தச் செங்கல்லைக் கீழே வைத்த விதம் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடி, பாயைத் தூக்கிக்கொண்டு வந்து, அத்தனை பேர் நடுவில் ஈரமண்ணில் விரித்தேன்.

"மாமா, அவரு பொய் சொல்லல. பாயி பரண்லதான் இருந்திச்சி. நான்தான் அவருக்குத் தெரியாம எறக்கி, கப்பலுக்குக் கட்டிக்கினு போயிட்டேன். உள்ள சாவி இருந்தது எனக்குத் தெரியாது. பாயி எங்ககூட வந்தது அவருக்குத் தெரியாது. நீங்க போன் பண்ணும்போது இந்தப் பாயி மேலதான் குந்தியிருந்தாரு."

அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தி, "பாயா? கப்பலுக்கா?" என்றாள். அவ்வளவுதான், சிரிப்பு கிளம்பிவிட்டது. "தலகாணி எத்துக்கினு போலியாக்கா?" "அம்மி ஆட்டுக்கல்லு?" ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் காது மடல் எரிந்தது. நகராமல் நின்றேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. பாய் நடுவில் உற்றுப் பார்த்தார். சாக்கு ஈரத்தோடு சுற்றி வைத்ததில், கோரையில் துரு இறங்கி, வளைந்த சாவி அப்படியே சிவப்பாக அச்சு விழுந்திருந்தது. கப்பலில் விரித்த அவசரத்தில் என் கண்ணில் படவில்லை, நானே அதை அப்போதுதான் பார்த்தேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த அச்சுமேல் விரலை வைத்துப் பிடியிலிருந்து முனைவரை ஒரு தடவை இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒரு நாள் துரு இல்ல" என்றார். "மாசத்துக்கு மேல கெடந்துகீது."

பிறகு சேறு படிந்த வேட்டியோடு அந்தப் பாயிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கென்று ரெண்டு வருஷமாகப் பாதுகாத்த பாய். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பாய்க்காக இல்லை.

"குந்துடா" என்றார். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெஞ்சு போட்டு ஷட்டரு தலைய மென்னு வெச்சிக்கீறாங்க. உன் சாவி மாட்டுதான்னு பாரு, எறக்கணும். தண்ணி அனாவசியமா போவுது."

"மாட்டும்ணா. பாத்துக்கலாம்."

"சரி, இனிமே நீ எங்கனா போய்ட்டா நாங்க இன்னாடா பண்றது?"

இவர் யோசித்தார். மேல்நிலத்து ஆட்களைப் பார்த்தார், கீழ்நிலத்து ஆட்களைப் பார்த்தார். பிறகு கையைக் குவித்து அண்ணன் காதில் வைத்து ஏதோ சொன்னார். அத்தனை ஊர் பார்க்க, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. இனி ஒளித்துவைக்கப் போகிற இடம்! அண்ணன், "அங்கியா?" என்று அவர் முதுகில் ஒரு அடி போட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

"எங்க மாமா?" என்று கேட்டேன்.

"நீ போம்மா, உங்கிட்ட சொன்னா நீ அதயும் கட்டிக்கினு டில்லிக்கு பூடுவ" என்றார் அவர், என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டு சிரித்தார்.

அந்தப் பாயை அக்கா கழுவிப் பார்த்தாள், துரு போகவில்லை. சமையல்கட்டு எழும்புகிறவரைக்கும் வைத்துக்கொள்ளட்டும் என்று அவர்களிடமே விட்டுவிட்டேன். சுவரை இவர்தான் எழுப்பினார். சாவி இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் எதை இறக்கினாலும் முதலில் ஒரு தடவை தூக்கிக் கனம் பார்த்துக்கொள்கிறேன்.